றுகையா பேகம், நாலாம் லயம்

வெள்ளையம்மா: …அதான் கேக்குறேன். நாலாம் லயத்துல ஒரே வரிசையா மொத்தம் பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பம். பன்னெண்டுலயும் றுகையான்னு ஒரு பொம்பள கெடையாது. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

எஸ்தர்: எண்ணிப் பாக்குற அளவுக்கு வேலையத்துப் போயா இருக்கீங்க?

வெள்ளையம்மா: ஞாயித்துக்கெழம புள்ள. பேரு கூப்புடுற பிரட்டும் இல்ல, தேயிலக் கொழுந்தும் இல்ல. உங்களுக்காவது காலையில கோயில், பூசை, பாதரு பிரசங்கம். எனக்கு நாலு பேரு வாசல்தான் கோயில்.

எஸ்தர்: சரி, உக்காருங்கக்கா. மொளகா காயுது, மிதிச்சிராதீங்க.

வெள்ளையம்மா: ஆத்தாடி, இவ்வளவு மொளகாயா! ஒன் மக செலினா கல்யாணத்துக்கா?

எஸ்தர்: பின்ன? இன்னும் மூணு வாரந்தான் இருக்கு.

வெள்ளையம்மா: மாப்புள வூடு வரக்காப்பொல பக்கம். ஒறப்பு சாப்புட மாட்டாங்கன்னு கேள்வி.

எஸ்தர்: யாரு சொன்னா?

வெள்ளையம்மா: யாராவது சொல்லுவாங்கதானே. அப்பா உபதேசியாரு, மாப்புள ஸ்டீபன் கோயில்ல பாட்டுக்காரன். அந்த வூட்டுல வெறுந் தேத்தண்ணி குடிச்சாக்கூட சிலுவை போட்டுட்டுத்தான் குடிப்பாங்களாம்.

எஸ்தர்: அக்கா… வந்த விசயத்த சொல்லுங்க.

வெள்ளையம்மா: வந்த விசயம் மடியில இருக்கு.

எஸ்தர்: என்னது?

வெள்ளையம்மா: காயிதம். எங்க வூட்டு மனுசன் நேத்து தப்பால் பையில கொண்டாந்தது. ஆப்பீசுல கிளாக்கர் ஐயா பாத்துட்டு, “கன்னையா, இந்தத் தோட்டத்துல முஸ்லிம் ஆளே இல்லையே, திங்கக்கெழம கஹவத்த போஸ்டாபீசுக்கே திருப்பிக் குடுத்துடு”ன்னு சொல்லியிருக்காரு. அவரு பையில திருப்பிப் போட்டாரு. நான் பையிலருந்து திருப்பி எடுத்தேன்.

எஸ்தர்: அது… டவுன்ல கடை வச்சிருக்காரே சாலி நானா, அவரு பொஞ்சாதி பேரு றுகையாதானே. அவங்களுக்கா இருக்கும்.

வெள்ளையம்மா: அங்க போயிட்டுத்தான் வர்றேன்.

எஸ்தர்: போயிட்டீங்களா?

வெள்ளையம்மா: காலையிலயே. அந்தம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. சாலி நானா கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. இது அரபும் இல்ல, சிங்களமும் இல்லன்னாங்க. மேல நீளமா ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ எழுத்து தொங்குது… கொடியில துணி காயப் போட்ட மாதிரி.

எஸ்தர்: உள்ள இருக்குற எழுத்து எப்புடித் தெரிஞ்சிச்சு? அப்ப ஒடச்சிட்டீங்க.

வெள்ளையம்மா: நான் ஏன் ஒடைக்கிறேன்? மழைக்காலம். பசை தானா விட்டுருச்சு. மொறைக்காத. ஒறையில இங்கிலீசுல வெவரமா எழுதியிருக்கு. நாலாம் லயம், ஏழாம் காம்பரா. எங்க மக விஜயகலாதான் வாசிச்சா. ஏழாம் காம்பரா யாருது எஸ்தரு? இப்ப நான் உக்காந்துருக்குறது எந்தக் காம்பரா வாசல்?

எஸ்தர்: குடுங்கக்கா.

வெள்ளையம்மா: ஆங்… அப்ப நீதான் றுகையா பேகம்.

எஸ்தர்: மெதுவாப் பேசுங்க! செலினா உள்ள தச்சிக்கிட்டு இருக்கா.

வெள்ளையம்மா: மிசின் சத்தத்துல அவளுக்கு ஒண்ணுங் கேக்காது. சொல்லு.

எஸ்தர்: அக்கா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். கோயில்ல கல்யாணம் அறிவிக்கிற மூணு ஓலையில ரெண்டு வாசிச்சாச்சு. இன்னைக்குத்தான் பாதரு ரெண்டாவது ஓலைய வாசிச்சாரு. அடுத்த ஞாயித்துக்கெழம மூணாவது. அதுக்குள்ள இந்தப் பேரு பொம்பளைங்க தண்ணி புடிக்கிற பைப்படிக்குப் போச்சுன்னா வரக்காப்பொலைக்கு எட்ட ரெண்டு நாள் போதும். உபதேசியாரு சம்மந்தம் வேணாம்னுருவாரு. எம் புள்ள…

வெள்ளையம்மா: பைப்படிக்கு யாரு கொண்டு போவா?

எஸ்தர்: நீங்கதான்.

வெள்ளையம்மா: அது உண்மதான். அழாத புள்ள. மொளகாக் கையால கண்ணத் தொடைக்காத. இங்க பாரு, நான் காயிதத்தத் தர்றேன். ஆனா எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணு விடாம.

எஸ்தர்: எதுக்கு?

வெள்ளையம்மா: எதுக்குன்னா? வெள்ளையம்மாவுக்குக் காரணம் வேற வேணுமா?

எஸ்தர்: …ஒங்க மூக்குத்தி எங்கக்கா?

வெள்ளையம்மா: புண்ணா இருக்கு. கழட்டி வச்சிருக்கேன். பேச்ச மாத்தாத. யாரு வச்ச பேரு அது?

எஸ்தர்: ஏஜென்சிக்காரன். எம் புருசன் அந்தனி செத்து எட்டு மாசம். செலினாவுக்குப் பதினஞ்சு வயசு. பாஸ்போட்ட நீட்டுனான். படம் என் படம். பேரு என் பேரு இல்ல. “முஸ்லிம் பேருன்னா குவைத்துல சீக்கிரம் எடுப்பாங்க. எஸ்தருன்னு போட்டா நீ இங்கயே கெடக்க வேண்டியதுதான்”னான்.

வெள்ளையம்மா: வயசு?

எஸ்தர்: அதையும் ரெண்டு வருசம் கொறச்சுட்டான்.

வெள்ளையம்மா: ரெண்டுதானா…

எஸ்தர்: என்னக்கா?

வெள்ளையம்மா: ஒண்ணுமில்ல. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்க வருமா?

எஸ்தர்: மொத வாரம் வரல. காது கேக்காதவள அனுப்பிட்டாங்கன்னு நெனச்சிட்டாங்க. மேடம் எனக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டுக் கை தட்டிப் பாத்தா.

வெள்ளையம்மா: ஹா! நீ?

எஸ்தர்: கை தட்டுனதுக்குத் திரும்பிட்டேன். பேருக்குத்தான் திரும்பல.

வெள்ளையம்மா: சரி, அவுங்க தொழச் சொல்லுவாங்கதானே. அதுக்கு என்ன செஞ்ச?

எஸ்தர்: அங்கதான் மாட்டுனேன். அந்த வூட்டுல மேடத்தோட அம்மா இருந்தாங்க. கெழவியம்மா. அவுங்களப் பாத்துக்குறதுதான் என் வேல. மொத நாளே, நீயும் தண்ணி எடுத்துட்டு வந்து பக்கத்துல நில்லுன்னு கையக் காட்டுனாங்க. நான் நேரா போய்க் காலக் கழுவுனேன்.

வெள்ளையம்மா: அது தப்பா?

எஸ்தர்: காலு கடைசி. மொதல்ல கையி. அப்புறம் வாயி, மூக்கு, மூஞ்சி, முழங்கை, தல. எல்லாம் முடிஞ்சிதான் காலு. நம்ம மலையிலருந்து வந்தா மொதல்ல காலத்தானே கழுவுவோம்? அட்டை இருக்கான்னு பாக்குறதுக்கு. அதே பழக்கம்.

வெள்ளையம்மா: கையி, வாயி, மூக்கு… இரு. மூக்குக்கு அப்புறம்?

எஸ்தர்: மூஞ்சி. ஏங்க்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?

வெள்ளையம்மா: சும்மா கேட்டேன்டி. கெழவியம்மா என்ன சொன்னாங்க?

எஸ்தர்: கண்ணு சரியாத் தெரியாது அவுங்களுக்கு. தண்ணிச் சத்தத்த மட்டுந்தான் கேட்டாங்க. ஆனா பக்கத்து வூட்டு மாடியில ஒருத்தி பாத்துட்டா. மொமேனா. பங்களாதேஷ் பொம்பள. அந்த வூட்டு வேலைக்காரி. எங்க மாடிக்கும் அவுங்க மாடிக்கும் நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு செவரு. ரெண்டு பக்கமும் துணிக் கொடி.

வெள்ளையம்மா: பாத்துட்டு போட்டுக் குடுத்தாளா?

எஸ்தர்: அவ பாத்தது வேற. நான் மாடியில உக்காந்து ரொட்டி தின்னேன். திங்கிறதுக்கு முன்னாடி என்னைய அறியாம சிலுவை போட்டுட்டேன். நிமுந்தா, செவத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு கண்ணு.

வெள்ளையம்மா: அய்யோ.

எஸ்தர்: உசுரு போயிருச்சு எனக்கு. அவ என்ன செஞ்சா தெரியுமா? வெரல ஒதட்டுல வச்சா. மறுநாள் துணி காயப் போடுற நேரத்துல செவத்தோரமா கூப்புட்டா. ஈரத் துணியக் கையில வச்சிக்கிட்டே குனிஞ்சு, நிமுந்து, ஒவ்வொண்ணாக் காட்டுனா. ஒரு பெட்ஷீட் போடுற நேரத்துல ஒரு வரி. பத்துப் பதினஞ்சு நாள் போச்சு.

வெள்ளையம்மா: எத்தன நேரம் தொழணும்?

எஸ்தர்: அஞ்சு.

வெள்ளையம்மா: அஞ்சா! காலையிலயும் மத்தியானமும் கொழுந்து நிறுக்கப் போறதுக்கே எனக்கு இடுப்பு ரெண்டாப் போவுது. அது சரி, நீங்க ரெண்டு பேரும் என்ன பாஷையில பேசுனீங்க?

எஸ்தர்: மொதல்ல கையால. அப்புறம் அவ பாஷை எனக்கு வந்துருச்சு. பேச்சுதான் வரும், எழுத்துத் தெரியாது. “ஆபா, பாத் கைசேன்?” அக்கா, சோறு தின்னீங்களா? காலையில மொதப் பேச்சு அதுதான். நம்மள மாதிரியே சோறு, மீனு, கருவாடு. கருவாடு பொரிச்சா ரெண்டு வூட்டு மேடமும் ஜன்னல மூடுவாங்க. நாங்க ரெண்டு பேரும் மாடியில நின்னு மோந்துக்குவோம்.

வெள்ளையம்மா: வெத்தல?

எஸ்தர்: அத ஏன் கேக்குறீங்க. பன்னெண்டு வயசுலருந்து போட்ட வாயி. அங்க வெத்தல கொண்டு வர விட மாட்டாங்க. ஒரு மாசம் தலைவலியிலயே செத்தேன். மொமேனாகிட்ட சொன்னேன். மறுநாள், கீழ குப்பத் தொட்டி மூடியத் தொறந்து பாருன்னா. மூடிக்கு உள் பக்கம், பிளாஸ்டிக்குல சுத்தி ஒட்டி வச்சிருந்துச்சு. நாலு வெத்தல, ரெண்டு துண்டு பாக்கு.

வெள்ளையம்மா: யாரு வச்சா?

எஸ்தர்: ரோட்டுக் கூட்டுற ஆளு. மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு, வெயில்ல, தலையில துணியச் சுத்திக்கிட்டு. அந்தத் தெருவுல கூட்டுறவங்க எல்லாருமே பங்களாதேஷ்காரங்கதான். அவருக்குப் பேரு மோதாலிப். மொமேனா ஊருக்குப் பக்கத்து ஊரு.

வெள்ளையம்மா: வந்துட்டான்! ஆம்பள வந்துட்டான்! இதுக்குத்தான்டி நான் காலையிலருந்து சோறு திங்காம இருக்கேன்.

எஸ்தர்: இருங்கக்கா…

வெள்ளையம்மா: வெத்தல குடுத்தான்ல? நீ வாங்குனல்ல? நம்ம பக்கம் வெத்தல பாக்கு மாத்துனா அதுக்கு என்ன பேரு?

எஸ்தர்: குப்பத் தொட்டி மூடியிலயா மாத்துவாங்க?

வெள்ளையம்மா: எதுல மாத்துனா என்ன…

எஸ்தர்: மூணு வருசத்துல அந்த ஆளோட மூஞ்சிய நான் நேரா பாத்தது நாலு தடவை இருக்காது. மேடத்து வூட்டுல மிஞ்சுற ரொட்டிய ஒரு பையில போட்டு தொட்டிக்குப் பக்கத்துல வைப்பேன். அவுங்க எட்டுப் பேரு ஒரு காம்பரா. எட்டுப் பேருக்கு நாலு கட்டிலு. நாலு பேரு தூங்கும்போது நாலு பேரு ரோடு கூட்டுவாங்க. வெளிநாடு போறதுக்குன்னு வயல வித்துட்டு வந்தவங்க. வாயத் தொறந்தா வயலப் பத்தித்தான் பேச்சு.

வெள்ளையம்மா: ஒனக்கு எப்புடி அவுங்க காம்பரா உள்ள தெரியும்? கட்டிலு எண்ணி வச்சிருக்க?

எஸ்தர்: பதினோரு நாளு அங்கதான் இருந்தேன்.

வெள்ளையம்மா: எட்டு ஆம்பளைங்க காம்பராவுல… பதினோரு நாளு…

எஸ்தர்: இதத்தான் நீங்க பைப்படியில சொல்லுவீங்க. இவ்வளவத்தான் சொல்லுவீங்க. இதுக்கு முன்னாடியும் சொல்ல மாட்டீங்க, பின்னாடியும் சொல்ல மாட்டீங்க.

வெள்ளையம்மா: அப்ப முன்னாடி இருக்குறதச் சொல்லு.

எஸ்தர்: கெழவியம்மா செத்துப் போனாங்க. மொமேனா அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஊருக்குப் போயிட்டா. கெழவியம்மா பொல்லாதவங்கதான். தட்ட தூக்கி அடிப்பாங்க. ஆனா குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி, படுக்க வச்சு… மூணு வருசம் அக்கா. கடைசி ரெண்டு மாசம் என் கையத் தவிர யாரு கையையும் புடிக்க மாட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம் மூச்சு நின்னுருச்சு. நான்தான் கண்ண மூடி வுட்டேன். மேடம் வாசல்ல நிக்கிறா. நான் அத கவனிக்கல. என் அம்மா செத்தப்ப என்ன செஞ்சேனோ அதையே செஞ்சுட்டேன்.

வெள்ளையம்மா: என்ன செஞ்ச?

எஸ்தர்: கட்ட வெரலால நெத்தியில சிலுவை போட்டேன்.

வெள்ளையம்மா: அடிப் பாவி…

எஸ்தர்: மேடம் கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு. அவளையும் குத்தம் சொல்ல ஏலாது. பெத்த தாயி. நான் யாருன்னே தெரியாம மூணு வருசமா தாயி பக்கத்துல வச்சிருந்துருக்கா. பேரே பொய்யின்னா வேற எதெல்லாம் பொய்யோன்னு நெனப்பாதானே? செருப்புகூடப் போடல, கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க. பாஸ்போட்டு உள்ள.

வெள்ளையம்மா: ரோட்டுல என்ன செஞ்ச?

எஸ்தர்: குப்பத் தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துட்டேன். வேற எங்க போறது? எனக்கு அந்த ஊர்ல தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். மோதாலிப் தள்ளுவண்டியோட வந்தாரு. ஒண்ணுமே கேக்கல. “பாத் கைசேன்?”னாரு. சோறு தின்னீங்களான்னு. அதுக்குத்தான் அழுதேன்.

வெள்ளையம்மா: கூட்டிட்டுப் போனாரா?

எஸ்தர்: போய் மத்த ஏழு பேருகிட்டயும் என்னமோ பேசுனாரு. எட்டுப் பேரும் பாயச் சுருட்டிக்கிட்டு மாடிப்படியில போய்ப் படுத்துட்டாங்க. காம்பரா எனக்கு. உள்ள தாப்பாள் இல்லன்னு ஒருத்தன் எங்கயோ போய் தாப்பாள் வாங்கியாந்து பூட்டிக் குடுத்தான். பதினோரு நாளும் உள்ள எதையாவது எடுக்கணும்னா கதவத் தட்டி, “றுகையா ஆபா”ன்னு கூப்புட்டு, நான் வெளிய வந்த பொறகுதான் உள்ள போவாங்க.

வெள்ளையம்மா: எட்டு ஆம்பளையும்?

எஸ்தர்: எட்டு ஆம்பளையும். இதப் போய் பைப்படியில சொல்லுங்க, யாரு நம்புறாங்கன்னு பாப்போம்.

வெள்ளையம்மா: நானே பாதிதான் நம்புறேன்.

எஸ்தர்: நீங்க நம்பாட்டி போங்க. அது போன வருசம், அவுங்க நாடு பூரா வெள்ளத்துல கெடந்த நேரம். எட்டுப் பேருக்கும் ஒரே ஒரு ரேடியோ. சாயங்காலம் மாடிப்படியில அதச் சுத்தி உக்காந்துருப்பாங்க. ஊரு பேரு ஒவ்வொண்ணா வரும். எந்த ஊரு பேரு வருதோ அந்த ஊருக்காரன் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவான். மத்தவங்க அவனப் பாக்காம இருப்பாங்க. நான் சோறாக்கி வைப்பேன். நம்ம மாதிரி, கருவாட்டுக் கொழம்பு. எந்திரிச்சுப் போனவனுக்குத் தட்டுல போட்டு மூடி வைப்பேன்.

வெள்ளையம்மா: …ஒறப்பாப் போட்டியா?

எஸ்தர்: போட்டேன். கண்ணுல தண்ணி வந்தா மொளகான்னு சொல்லிக்கலாம்தானே.

வெள்ளையம்மா: அவுங்களுக்கும் நீ முஸ்லிமுன்னுதான் நெனப்பு?

எஸ்தர்: அதுதான் என்னைய அரிச்சிக்கிட்டே இருந்துச்சு. தங்கச்சின்னு நெனச்சு எடம் குடுத்துருக்காங்க. நான் அவுங்க சோத்துல பொய்யக் கலந்து ஆக்குறேன். கடைசி நாளு, நம்ம நாட்டு எம்பசிக்காரங்க மேடத்துகிட்டருந்து பாஸ்போட்ட வாங்கிக் குடுத்துட்டாங்க, வண்டி வந்து நிக்கிது. மோதாலிப்பக் கூப்புட்டு சொல்லிட்டேன். என் பேரு றுகையா இல்ல, நான் ஒங்க மார்க்கமும் இல்ல, மன்னிச்சிருங்கன்னு.

வெள்ளையம்மா: என்ன சொன்னாரு?

எஸ்தர்: சிரிச்சாரு. வெத்தலக் காவிப் பல்லு. “என் பேரும் மோதாலிப் இல்ல ஆபா. அது என் அண்ணன் பேரு. அண்ணனுக்கு வந்த விசா. அவன் செத்துட்டான், நான் வந்தேன். பதினாலு வருசமாச்சு, என் பொஞ்சாதியே காயிதத்துல அண்ணன் பேரத்தான் எழுதுறா”ன்னாரு.

வெள்ளையம்மா: அப்ப நெசப் பேரு?

எஸ்தர்: கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு அக்கா. தன் பேரச் சொல்ல ஒரு மனுசன் யோசிக்கிறத நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அதுக்குள்ள வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான்.

வெள்ளையம்மா: சொல்லலையா?

எஸ்தர்: சொல்லல.

வெள்ளையம்மா: …சே. வெத்தல இருக்கா எஸ்தரு?

எஸ்தர்: அந்தத் தட்டுல இருக்கு, எடுத்துக்குங்க. இது என்னக்கா கையில? ஊசி போட்ட எடம் கன்னிப் போயிருக்கு.

வெள்ளையம்மா: கொழும்புக்குப் போனேன்ல, கண்ணு காட்ட.

எஸ்தர்: கண்ணு காட்டுனா கையிலயா ஊசி போடுவாங்க?

வெள்ளையம்மா: பெரிய ஆசுபத்திரியில அப்புடித்தான். இந்தா, ஒன் காயிதம். என்ன எழுதியிருக்கு?

எஸ்தர்: சொன்னேன்ல, எனக்குப் பேசத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது.

வெள்ளையம்மா: அப்ப ஒருத்தருக்குமே தெரியாதா? சாலி நானாவுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது… இவ்வளவு தூரம் வந்த காயிதம்!

எஸ்தர்: கோட்டுல தொங்குறதப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். மொமேனாவுக்கு எழுத வராது, யாரையாவது வச்சு எழுதியிருப்பா. அவ ஊருக்குப் போறப்ப என் அட்ரஸ சீட்டுல எழுதி, மாடிச் செவத்து மேல கல்ல வச்சிட்டு வந்தேன். காம்பரா நம்பர கேட்டு வாங்கிக்கிட்டா. அவளுக்கும் நெசப் பேரக் குடுக்க எனக்குத் தைரியம் வரல.

வெள்ளையம்மா: காயிதத்தோட ஒரு படமும் வந்துச்சு.

எஸ்தர்: படமா? எங்க?

வெள்ளையம்மா: பொறு, இந்த மடியில… அது கசங்கிரக் கூடாதுன்னு தனியா வச்சேன். இந்தா. தகர வூட்டு வாசல்ல நிக்கிறாளே, அதுதான் மொமேனாவா?

எஸ்தர்: ஆமா… எளச்சிட்டா.

வெள்ளையம்மா: கையில பச்சப் புள்ள. பொம்பளப் புள்ள போல, பொட்டுப் பொட்டா வளையல் போட்டுருக்கு. பின்னால திருப்பு. அதுல மட்டும் இங்கிலீசு எழுத்து. விஜயகலா எழுத்துக் கூட்டி வாசிச்சா.

எஸ்தர்: என்னன்னு?

வெள்ளையம்மா: றுகையான்னு. வேற ஒண்ணுமில்ல. அது மட்டுந்தான். தொடச்சுக்க. மொளகாக் கைன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குற.

எஸ்தர்: அந்தப் பேர நான் ஏர்போட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சேன்க்கா.

வெள்ளையம்மா: அவ எடுத்து வச்சிருக்கா.

எஸ்தர்: …காயிதத்தையும் குடுத்துட்டீங்க, படத்தையும் குடுத்துட்டீங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி நீங்க பைப்படியில வாயத் தொறக்க மாட்டீங்கன்னு நான் எத நம்புறது? எம் புள்ள வாழ்க்க ஒங்க நாக்குல தொங்குது.

வெள்ளையம்மா: தொறக்க மாட்டேன் புள்ள. எங்க மாரியாத்தா மேல சத்தியம்.

எஸ்தர்: மாரியாத்தா மேல போன தடவையும் சத்தியம் பண்ணீங்க. கிளாக்கர் ஐயா மக விசயத்துல.

வெள்ளையம்மா: அது வேற. அப்ப நான் இங்க இருந்தேன்.

எஸ்தர்: இப்ப?

வெள்ளையம்மா: மூணாவது ஓல வாசிக்கிறப்ப நான் இங்க இருக்க மாட்டேன்.

எஸ்தர்: எங்க போறீங்க? எம்பிலிப்பிட்டியவுல ஒங்க தங்கச்சி வூட்டுக்கா? அக்கா… மூக்குத்தி. நெத்தியிலயும் பொட்டு இல்ல. கையில ஊசி… நீங்க கண்ணு காட்டப் போகல.

வெள்ளையம்மா: இல்ல.

எஸ்தர்: வெளிநாட்டு வேலைக்கு விஜயகலாவக் கேட்டு ஏஜென்சிக்காரன் வந்தானே, வெரட்டிவுட்டேன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க!

வெள்ளையம்மா: எப்புடி வெரட்டுறது? அவரு நெஞ்சு வலின்னு தப்பால் பையவே தூக்க ஏலாமத் தூக்குறாரு. எனக்கு இப்ப மாசம் பத்து நாளுதான் வேலைக்குப் பேரு போடுறாங்க. புள்ளைக்குப் பத்தொம்பது வயசு, அவன் நீட்டுன பாரத்துல கையெழுத்து வைக்கப் பேனாவத் தொறந்துட்டா. நான் பேனாவப் புடுங்கிட்டேன். “இவள விடு. என்னைய எழுதிக்கோ”ன்னேன். அவன் ஏற எறங்கப் பாத்தான், மாடு வாங்குறவன் மாதிரி.

எஸ்தர்: ஒங்களுக்கு நாப்பத்தொண்ணு நடக்குதேக்கா…

வெள்ளையம்மா: பாஸ்போட்டுல முப்பத்திரெண்டு. சிரிக்காத. பேரு ஆயிஷா பீபி. பொதன்கெழம காலையில பஸ்ஸு. ரெண்டு நாளா கொழுந்து மலையில எனக்கு நானே கூப்புட்டுப் பாக்குறேன், ஆயிஷா, ஆயிஷான்னு… தல திரும்ப மாட்டேங்குது புள்ள. போ, செம்புல தண்ணி கொண்டா. மொதல்ல கையின்னியே… எத்தன தடவ?